அட்டிக் ஃபேன் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஊதுபத்தி வாங்குங்கள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் 2 மாடி வீடு வாங்கிக் குடியேறிய முதல் ஜூலையில் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். மாடியில் மேற்குப் பக்க அறையைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலை தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். "மொட்டை மாடிக்குக் கீழ படுத்த மாதிரி இருக்குடி. மேல இருந்து அனல் இறங்குது. இதுக்கா இத்தனை கடன் வாங்கினீங்க?"

கீழே ஏசி 76 ஃபாரன்ஹீட் காட்டியது. மாடியில் நான் கொண்டுபோய் வைத்த தெர்மாமீட்டரில் 83. அதற்கும் மேலே, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் கேட்கவே வேண்டாம், 138. அது 59 செல்சியஸ்.

அந்த வாரமே, அட்டிக் சூட்டை வெளியே தள்ளும் ஒரு ஃபேனை இணையத்தில் வாங்கி, தெரிந்தவர் சொன்ன ஆளை வைத்து அட்டிக்கில் மாட்டினேன். அட்டிக் ஓரளவு குளிர்ந்தது. மாடி அறை அப்படியேதான் இருந்தது. ஆகஸ்ட் கரண்ட் பில் கூடித்தான் வந்தது. ஏன் என்று புரிய எட்டு மாதம் ஆனது: நான் மாட்டிய ஃபேன் வெளிக்காற்றை இழுக்கவில்லை. சீலிங் ஓட்டைகள் வழியாக, நான் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

ஃபேன் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நான் முதலில் செய்துவிட்டேன். நீங்கள் சரியான வரிசையில் செய்ய இதை எழுதுகிறேன். டெக்சஸை வைத்து எழுதினாலும் கோடை கடுமையான மற்ற மாநிலங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அனுமதி, உரிமம் பற்றியவை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும்.

1. உங்கள் அட்டிக் எந்த வகை என்று பாருங்கள்

ஊரில் பரண் என்றால் பித்தளை அண்டாவும் பழைய சூட்கேஸும் இருக்கும் இடம். இங்கே அட்டிக் என்பது சீலிங்குக்கும் சாய்ந்த கூரைக்கும் நடுவில் வீடு முழுக்கப் பரந்திருக்கும் வெற்றிடம். டெக்சஸில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. அதனால் ஏசியின் உள் எந்திரமும் குளிர்காற்றுக் குழாய்களும் அந்த உலைக்குள்தான் இருக்கின்றன. சில வீடுகளில் வாட்டர் ஹீட்டரும் அங்கேதான். 55 டிகிரி குளிர்காற்று 138 டிகிரி வெப்பத்துக்குள் பயணம் செய்து உங்கள் அறைக்கு வருகிறது. அட்டிக்கைக் குளிர்விப்பதில் உண்மையான லாபம் இருந்தால் அது இந்தக் குழாய்களால்தான்.

சீலிங்கில் இருக்கும் அட்டிக் படியை இறக்கி, தலையை மட்டும் நீட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் கீழே, சீலிங்கின் மேல் பஞ்சுமாதிரி கிடந்தால் அது காற்றோட்ட அட்டிக். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இன்சுலேஷன் மேலே, கூரைப் பலகையின் அடியில் நுரையாக ஒட்டியிருந்தால் அது மூடிய அட்டிக். புதிதாகக் கட்டிய வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். அதில் ஃபேன் மாட்டவே கூடாது. வீட்டின் சுவரில் ஓட்டை போட்டு ஃபேன் வைத்ததுபோல் ஆகிவிடும். விற்பவர் இதைக் கேட்காமலேயே விலை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

பழைய வீட்டில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் கூழாங்கல் பொடிபோல மினுமினுப்பாக ஏதாவது கொட்டிக் கிடந்தால் தொடாமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட் என்ற பழைய வகை இன்சுலேஷனாக இருக்கலாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றது.

இன்னொரு குழப்பம். 'ஹோல் ஹவுஸ் ஃபேன்' என்று ஒன்று இருக்கிறது. அது சீலிங்கில் இருந்துகொண்டு, திறந்த ஜன்னல்கள் வழியாக மாலைக் குளிர்காற்றை வீட்டுக்குள் இழுத்து அட்டிக் வழியாக வெளியேற்றும். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ, கொலராடோவின் டென்வர்போல இரவு நன்றாகக் குளிரும் வறண்ட ஊர்களுக்கு அருமையான பொருள். டல்லாஸில் ஜூலை இரவில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது வெக்கை. ஹூஸ்டனில் வெக்கையோடு ஈரமும் சேர்ந்து வரும். நாம் பேசுவது அட்டிக்கில் உள்ள சூட்டை மட்டும் தள்ளும் ஃபேன். இணையத்தில் விமர்சனம் படிக்கும்போது எதைப் பற்றிய விமர்சனம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

கம்பியில்லாத தெர்மாமீட்டர் மூன்று வாங்குங்கள். எனக்கு 35 டாலர் ஆனது. ஒன்று அட்டிக்கில், ஒன்று தொல்லை தரும் அறையில், ஒன்று ஏசி தெர்மோஸ்டாட் பக்கத்தில். காலை 7, மாலை 5, இரவு 10 மணிக்கு எழுதிவையுங்கள். ஒரு வாரம் போதும்.

மின்கணக்குக்கு 'ஸ்மார்ட் மீட்டர் டெக்சஸ்' தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை எவ்வளவு யூனிட் ஓடியது என்று காட்டும். பதிவுசெய்ய பில்லில் இருக்கும் மீட்டர் விவரங்கள் தேவை, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இதையெல்லாம் செய்யாமல் ஃபேன் மாட்டினால் அது வேலை செய்கிறதா என்று கடைசிவரை தெரியாது. 'ஆமாம், கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நாங்கள் ஒரு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

3. அட்டிக்கில் ஏறுவது

காலை 8 மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். கோடையில் பகலில் ஏறவே வேண்டாம். முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகமூடி, தலைவிளக்கு. தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் இருக்கட்டும். கூரைப் பலகையிலிருந்து ஆணி முனைகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பழைய தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

மரச்சட்டத்தின் மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது அரை அங்குல ஜிப்சம் அட்டை, அதற்குக் கீழே உங்கள் படுக்கையறை. என் கணவர் இரண்டாவது தடவை ஏறியபோது முழங்கால்வரை சீலிங்குக்குக் கீழே வந்துவிட்டார். அதைச் சரிசெய்ய 280 டாலர். இரண்டு ப்ளைவுட் பலகை வாங்கிச் சட்டங்களின் குறுக்கே போட்டிருந்தால் 30 டாலரோடு முடிந்திருக்கும்.

4. காற்று உள்ளே வர வழி இருக்கிறதா?

ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அது சாஃபிட் வழியாக வரவேண்டும். வீட்டைச் சுற்றிக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்தின் அடிப்பக்கத்தில் சல்லடைபோலச் சிறு திறப்புகள் தெரியும், அவைதான்.

வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் 12 இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோது 7 அடைபட்டுக் கிடந்தன. இன்சுலேஷன் அடித்தவர்கள் ஓரம்வரை அடித்து மூடியிருந்தார்கள். இரண்டில் பழைய உரிமையாளர் பெயின்ட் அடித்ததில் சல்லடைக் கண்கள் தூர்ந்துபோயிருந்தன. எளிய சோதனை: காலையில் வெளிச்சம் வந்ததும் அட்டிக் விளக்கை அணைத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் திறப்பு வேலை செய்கிறது, இருட்டாக இருந்தால் அடைப்பு.

இதற்கு 'பேஃபிள்' என்று ஒரு பொருள் விற்கிறது. தெர்மோகோல் அல்லது பிளாஸ்டிக்கில் நீளமான தகடு. கூரைச் சட்டங்களுக்கு நடுவில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் இன்சுலேஷன் நகர்ந்து வந்து மூடாது. மலிவுதான், ஆனால் கூரை இறங்கும் ஓரத்தில் வயிற்றில் ஊர்ந்துபோய் அடிக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

5. சீலிங் ஓட்டைகளை அடையுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதலில் மாட்டிய அந்த ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, மாடி நடைவழியில் இருக்கும் அட்டிக் படிக்கதவின் விளிம்பில் பிடித்தேன். புகை மேலே போகும் என்று தெரியும். ஆனால் அது போகவில்லை, உறிஞ்சப்பட்டது. நூல்போல நேராகி, விளிம்பு இடுக்குக்குள் சரேலென்று மறைந்தது. ஃபேனை நிறுத்தினேன், புகை சோம்பலாக விரிந்தது. மறுபடி போட்டேன், மறுபடி நூல். எட்டு மாதக் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

ஃபேன் இன்னும் வாங்கவில்லையா? குளியலறை, சமையலறை எக்சாஸ்ட்களை நிறுத்திவைத்து, ஏசி ஓடும்போது இதே சோதனையைச் செய்யலாம். புகை இழுபடுவதோ தள்ளப்படுவதோ மெதுவாகத் தெரியும். நெருப்பு கையில் இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். அட்டிக்குக்குள் ஊதுபத்தியைக் கொண்டுபோகக் கூடாது, கீழே நின்றுதான். ஸ்மோக் அலாரம் அலறினால் பதற வேண்டாம், நம் வீடுகளில் தாளிக்கும்போதே அலறுவதுதானே.

இனி ஓட்டைகளின் பட்டியல். படிக்கதவு முதல் எதிரி: சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, மேலே ஜிப் வைத்த கூடாரம்போன்ற உறையைப் போடுங்கள். உறை 60 டாலர். இரண்டாவது, சீலிங்கில் பதித்த கேன் லைட்டுகள். எங்கள் மாடியில் 8. ஒவ்வொன்றும் சீலிங்கில் ஒரு சொம்பு அளவு ஓட்டை. காற்றுப் புகாத எல்ஈடி மாற்றுத் தொகுப்பு ஒன்று 14 டாலர், பல்பு மாற்றுவதுபோல மாற்றிவிடலாம். பழைய கேன் லைட்டுகளில் 'ஐசி' என்ற எழுத்து இல்லையென்றால் அது இன்சுலேஷனைத் தொடக் கூடாத வகை. அதை மேலிருந்து மூடினால் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. எலக்ட்ரீஷியனைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, சுவர்களின் தலைப்பகுதி. வயரும் குழாயும் இறங்கும் இடமெல்லாம் துளை போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இன்சுலேஷனை ஒதுக்கினால், அழுக்கேறிக் கறுத்த பஞ்சுக்கு அடியில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். காற்று போய்ப் போய்த்தான் பஞ்சு வடிகட்டிபோலக் கறுத்திருக்கிறது. ஸ்ப்ரே நுரை டின்னால் அடைத்துவிடுங்கள்.

கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் போகும் இடத்தில் மட்டும் நுரை அடிக்கக் கூடாது. அங்கே உலோகத் தகடும் உயர் வெப்பத்துக்கான சீலண்டும்தான்.

ஏசி குழாய் இணைப்புகளையும் பாருங்கள். மேஸ்டிக் என்று ஒரு பசை, பெயின்ட் பிரஷ்ஷால் தடவலாம். பெயர்தான் டக்ட் டேப். அதை டக்டில், அதாவது இந்தக் குழாயில், ஒட்டினால் அட்டிக் சூட்டில் இரண்டு கோடையில் உரிந்து தொங்கும். குளியலறை எக்சாஸ்ட் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால் அதையும் வெளியே விடச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு எங்களுக்கு இரண்டு வாரக் கடைசிகள் ஆயின. நுரை, சீலண்ட், மேஸ்டிக் எல்லாம் சேர்த்து 110 டாலர்.

6. அதன் பிறகு இன்சுலேஷன்

மின்சிக்கனத்துக்கான மத்திய அரசுத் திட்டமான எனர்ஜி ஸ்டார் டல்லாஸ் பகுதிக்குப் பரிந்துரைப்பது ஆர்-49. ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு. எங்கள் அட்டிக்கில் 6, 7 அங்குலம்தான் இருந்தது, பரிந்துரையில் பாதியைக்கூடத் தொடாது. மேலே ஊதி நிரப்ப 1,850 டாலர் ஆனது.

ஓட்டைகளை அடைப்பதற்கு முன் இதைச் செய்யாதீர்கள். ஒன்றரை அடிப் பஞ்சுக்கு அடியில் பிறகு எந்த ஓட்டையையும் கண்டுபிடிக்க முடியாது. 'இன்னிக்கே முடிச்சிடலாம்' என்று அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு ரசீது கேட்டு வாங்குங்கள். ஊதி நிரப்பும் இன்சுலேஷனுக்கு எத்தனை பை போட்டார்கள், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தடிமன், ஆர் மதிப்பு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணைய விதி. காலிப் பைகளை எண்ணிப் பார்க்கலாம். நான் எண்ணினேன், கொஞ்சம் சங்கடமாகத்தான் பார்த்தார்கள். அட்டிக்கில் ஆழம் காட்டும் காகித அளவுகோல்கள் நாலைந்து இடத்தில் நிற்க வேண்டும்.

மின்கம்பிகளுக்குப் பொறுப்பான நிறுவனம் உங்கள் பகுதியில் ஆன்கோர் என்றால், 'டேக் எ லோட் ஆஃப் டெக்சஸ்' திட்டத்தில் இன்சுலேஷனுக்கும் காற்றடைப்புக்கும் ஊக்கத்தொகை தருவதுண்டு. திட்டத்தில் பதிவுசெய்த நிறுவனம் செய்தால்தான் கிடைக்கும். வேலை முடிந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்து நான் கோட்டைவிட்டேன். கொட்டேஷன் வாங்கும்போதே கேளுங்கள்.

7. கேஸ் எந்திரம் இருந்தால் நின்று யோசியுங்கள்

இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

வாட்டர் ஹீட்டர் கேஸில் ஓடி, அதன் புகை தானாகவே குழாய் வழியே மேலே போகும் வகை என்றால், பலமான அட்டிக் ஃபேன் அந்தப் புகையைத் திருப்பி உள்ளே இழுத்துவிடலாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் வாசனையும் கிடையாது. ஹீட்டர் அட்டிக்கிலேயே இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அப்படியானால் உரிமம் பெற்ற ஏசி அல்லது பிளம்பிங் ஆள், ஃபேனும் சமையலறை எக்சாஸ்டும் ஒன்றாக ஓடும்போது புகை சரியாக வெளியேறுகிறதா என்று சோதித்துச் சொல்லட்டும். அதுவரை ஃபேன் வேண்டாம். சோதனையில் தேறவில்லை என்றால் ஃபேனே வேண்டாம்.

எங்கள் ஹீட்டர் கராஜில் இருக்கிறது. அப்படியும் சோதித்துவிட்டுத்தான் போட்டோம். மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று 2 சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரம், 60 டாலர். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பின்பக்கம் திருப்பித் தேதியைப் பாருங்கள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு.

8. எந்த ஃபேன், எவ்வளவு பெரியது

மூன்று வகை கிடைக்கும். கூரையைத் துளைத்து மாட்டும் மின்சார ஃபேன், கூரையில் மாட்டும் சோலார் ஃபேன், வீட்டின் பக்கவாட்டு முக்கோணச் சுவரில் உள்பக்கமாக மாட்டும் ஃபேன். கடைசி வகையைக் 'கேபிள் ஃபேன்' என்பார்கள். வயருக்கும் கேபிள், முக்கோணச் சுவருக்கும் கேபிள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நானும் என் தம்பியும் போனில் இதைப் பேசிப் பத்து நிமிடம் வீணடித்தோம்.

என் ஓட்டு முக்கோணச் சுவருக்கு. ஏற்கெனவே காற்றுத் திறப்பு இருக்கும் இடம் என்றால் எதையும் புதிதாக வெட்ட வேண்டாம், கூரையில் ஓட்டை விழாது. வசந்த காலத்தில் கோலிகுண்டு அளவில் ஆலங்கட்டி விழும் ஊரில் கூரையில் எந்தப் புது ஓட்டையும் எனக்குப் பிடிக்கவில்லை. சோலாருக்கு மின்செலவு இல்லைதான். ஆனால் சிறு பேனல் தரும் காற்று குறைவு, விலை அதிகம், வெயில் சாய்ந்ததும் நின்றுவிடும். அட்டிக்கோ இரவு 9 மணிவரை கொதிக்கும்.

அளவுக் கணக்கு: அட்டிக் தரைப் பரப்பை 0.7-ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று, அதாவது சிஎஃப்எம், வேண்டும் என்று கிடைக்கும். கூரை கறுப்பு நிறமாக இருந்தால் 15 சதவீதம் கூட்டுங்கள். எங்களுக்கு 1,500 சதுர அடி: 1,050, கறுப்புக் கூரைக்காகக் கூட்டினால் சுமார் 1,200.

அடுத்து, ஒவ்வொரு 300 சிஎஃப்எம்முக்கும் 1 சதுர அடி உள்வரும் திறப்பு வேண்டும். 1,200-க்கு 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். எங்கள் சாஃபிட் திறப்பு ஒன்றின் நிகரத் திறப்பு 56 சதுர அங்குலம். சல்லடைக் கம்பிகளைக் கழித்த கணக்கு இது, பொருளின் மேலேயே அச்சிட்டிருக்கும். 12-உம் திறந்திருந்தால் 672, போதும். அடைபட்டிருந்தபோது வேலை செய்தது 5 மட்டும், 280 சதுர அங்குலம். பாதிகூட இல்லை. மீதிக் காற்றை ஃபேன் எங்கிருந்து எடுத்தது என்று ஊதுபத்தி சொல்லிவிட்டது.

அதனால் 'இருக்கட்டுமே' என்று பெரிய ஃபேன் வாங்காதீர்கள். திறப்பு போதாத வீட்டில் ஃபேன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நஷ்டம்.

கூரை உச்சியில் நீளமாக ரிட்ஜ் வென்ட் என்ற காற்றுத் திறப்பு இருந்தால் ஃபேன் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால் ஃபேன் பக்கத்திலிருக்கும் அந்த உச்சித் திறப்பிலிருந்தே காற்றை இழுத்து வெளியே விடும், ஓரத்துக் காற்று அசையாது. எங்கள் வீட்டில் ஃபேனுக்கு 5 அடி தள்ளி ஒரு கூரைத் திறப்பு இருந்தது, அதை உள்ளிருந்து மூடினோம். இங்கே கோடைக்காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும். ஃபேனை வடக்குச் சுவரில் வைத்தால் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. முதல் ஃபேனைத் தெற்கில் மாட்டியிருந்தோம். என்னத்தைச் சொல்ல.

9. அனுமதியும் காகிதங்களும்

வீட்டுரிமையாளர் சங்கம்: வெளியே தெரியும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி கேட்பார்கள். கூரை ஃபேன் என்றால் படிவம், வீட்டு வரைபடத்தில் குறித்த இடம், பொருளின் விவரத்தாள், நிறம் எல்லாம் வேண்டும். எங்கள் சங்கத்தில் 30 நாள் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே மாட்டும் முக்கோணச் சுவர் ஃபேனுக்கு 'தேவையில்லை' என்றார்கள். வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவைத்தேன்.

நகர மின் அனுமதி: புது வயர் இழுத்தால் பெரும்பாலான நகரங்கள் கேட்கும். எனக்கு 80 டாலர், எலக்ட்ரீஷியனே எடுத்துத் தந்தார். வேலை முடிந்தபின் நகர ஆய்வாளர் வந்து பார்ப்பார். அந்தத் தேர்ச்சித் தாளையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம்: டெக்சஸில் எலக்ட்ரீஷியனுக்கும் ஏசி ஒப்பந்தக்காரருக்கும் மாநில உரிமத் துறையான டிடிஎல்ஆர் உரிமம் தருகிறது. அதன் தளத்தில் எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம், 2 நிமிட வேலை. கூரை வேலை செய்பவர்களுக்கு இந்த மாநிலத்தில் உரிமமே தேவையில்லை. அதாவது ஏணியும் வண்டியும் இருந்தால் யாரும் கூரைக்காரர்தான். எனவே கூரையைத் துளைக்கும் முன் காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள்; ஷிங்கிள் எனும் கூரை ஓடுகளுக்கான உத்தரவாதம் துளையிட்ட பின்னும் செல்லுமா என்று அதைக் கொடுத்தவரிடமே எழுத்தில் கேளுங்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள். வீட்டை விற்கும்போது நிரப்பும் டெக்சஸ் விற்பனையாளர் அறிவிப்புப் படிவத்தில் அட்டிக் ஃபேனுக்கென்று ஒரு கட்டமே இருக்கிறது.

10. கதவைத் தட்டி வருபவர்கள்

மே மாதம் தொடங்கினால் வருவார்கள். சிரித்த முகம், கையில் டேப்லெட். 'பில் பாதியாகும்', 'அரசாங்கம் 30 சதவீதம் திருப்பித் தரும்', 'இன்று கையெழுத்திட்டால் 500 டாலர் தள்ளுபடி.'

முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் கேளுங்கள். இரண்டாவது இப்போது பொய். வீட்டுச் சூரிய மின்சாரத்துக்கான 30 சதவீத மத்திய வரிச்சலுகை, இன்சுலேஷனுக்கான சலுகை, இரண்டையும் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் முடித்துவிட்டது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்துபவற்றுக்கு அவை கிடையாது. மூன்றாவதைக் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்களா? வீட்டுக்கு வந்து விற்ற பொருளை, 25 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்ய மத்திய விதி இடம் தருகிறது. சனிக்கிழமையும் வேலைநாள்தான், ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. ரத்துப் படிவத்தின் 2 பிரதியை அவர்களே தந்திருக்க வேண்டும். நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்று சும்மா இருக்காதீர்கள்.

11. மாட்டிய பிறகு

ஃபேனோடு வரும் தெர்மோஸ்டாட்டை 105 அல்லது 110 ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். 90-இல் வைத்தால் ஜூலையில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஈரப்பதம் பார்த்து ஓடும் வசதியும் சிலவற்றில் உண்டு. ஹூஸ்டன் போன்ற ஊரில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் அதை நம்பினால் ஃபேன் நிற்கவே நிற்காது. குளிர்காலத்தில் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

எங்கள் ஃபேன் 280 வாட். நாளுக்கு 9 மணி நேரம், யூனிட் 15 சென்ட் என்று வைத்தால் மாதம் 11 டாலர் சொச்சம். ஏசியில் அதைவிட மிச்சமானால்தான் ஃபேன் இருப்பதில் அர்த்தம். மாட்டிய இரண்டாம் வாரம் மறுபடி அளந்து, 2-ஆம் படியில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். ஊதுபத்தியையும் மறுபடி பிடியுங்கள்.

எங்கள் கணக்கு இது: ஓட்டை அடைத்து இன்சுலேஷன் போட்டதும், ஃபேன் ஓடாமலேயே, மாலை 5 மணிக்கு 83 காட்டிய அறை 79-க்கு இறங்கியது. ஃபேன் போட்ட பிறகு 78. அட்டிக் 138-இலிருந்து 114. அறையில் ஃபேனின் பங்கு ஒரே ஒரு டிகிரி என்று பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அதை மட்டும் முதலில் மாட்டிவிட்டு ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தேனே.

12. மொத்தச் செலவும் காலமும்

தெர்மாமீட்டர் 35, பேஃபிளும் புது சாஃபிட் மூடிகளும் 90, அடைப்புச் சாமான்கள் 110, படிக்கதவு உறை 60, கேன் லைட் மாற்று 112, சிஓ அலாரம் 60, இன்சுலேஷன் 1,850, ஃபேன் 160, எலக்ட்ரீஷியன் 340, அனுமதி 80. ஏறக்குறைய 2,900 டாலர். முழங்கால் ஓட்டைக்கான 280-ஐ இதில் சேர்க்கவில்லை, அதை வீட்டுக்காரர் தன் கணக்கில் வைத்துக்கொண்டார். கையில் காசு குறைவாக இருந்தால் 5-ஆம் படிவரை செய்துவிட்டு நிறுத்துங்கள், அடுத்த வருடம் இன்சுலேஷன். ஃபேன் அதற்கும் அடுத்த வருடம் வந்தாலும் குடிமுழுகிப்போகாது.

தொடங்க நல்ல நேரம் பிப்ரவரி. அட்டிக் குளிர்ந்திருக்கும், ஒப்பந்தக்காரர்களும் போனை எடுப்பார்கள். பிப்ரவரியில் சாஃபிட், ஓட்டைகள். மார்ச்சில் இன்சுலேஷன், அதே சமயம் சங்கத்துக்கு மின்னஞ்சல். ஏப்ரலில் எலக்ட்ரீஷியனும் ஆய்வாளரும். ஜூனில் போன் செய்தால் மூன்று வாரம் கழித்துத் தேதி தருவார்கள், விலையும் ஜூன் விலையாக இருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலில், பிரேக்கரை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிச் சுற்ற வேண்டும். கரகரவென்று நின்றால் மோட்டாரை மாற்றுங்கள். இறுகிய மோட்டார் சூடேறித் தீப்பிடிப்பதுண்டு, சுற்றிலும் இருப்பது காய்ந்த மரம்.

அம்மா இந்த வருடமும் ஜூலையில்தான் வருகிறார். கீழ் அறைதான் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். நான் தெர்மாமீட்டரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.